பால்புட்டி வாசல்

உட்காருங்க சார். இந்தப் பெஞ்சில்தான் நிழல் இருக்கிறது. பாப்பாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். முயல் ரயிலில் ஏறின குழந்தை எங்கேயும் போய்விடாது. அந்த வேப்பமரத்தைச் சுற்றி, சிமெண்ட் குகைக்குள் புகுந்து, இங்கேயேதான் வந்து நிற்கும். நாலு நிமிஷம். கூட்டம் இல்லாத நாள், கேட்டால் இன்னொரு சுற்றும் விடுவேன். பட்டனை அமுக்குவதற்கு எனக்கென்ன நோவு?

தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. சிரிங்க சார், தப்பில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இரண்டு முயல் காது. கம்பெனி உடுப்பு. இடது காதில் உள்ளே கம்பி முறிந்து தொங்குகிறது. வேறு கேட்டேன், இதே போதும் என்றுவிட்டார்கள்.

நான் இங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லைங்க. அதோ, மரத்துக்கு மேலே மஞ்சள் கை ஒன்று எழும்புதே, பாருங்க. இப்போது நிற்கும். நின்றதா? இப்போது தலைகீழாகத் திரும்பும். கேட்கிறதா அலறல்? அதுதான் இடிமுழக்கம். இருபத்துநாலு பேரை நூறு அடிக்குத் தூக்கி மூன்று தரம் புரட்டிப் போடும். கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் காலேஜ் பசங்கள் பஸ் பிடித்து வருவது அதற்காகத்தான். அதற்கு ஏழு வருஷம் மைக் பிடித்தவன் நான். மைக் சென்னியப்பன் என்று வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆளைக் கேட்டுப் பாருங்க, சொல்வான். இப்போது முயல் சென்னியப்பன் என்கிறான், அது வேறு விஷயம்.

இன்றைக்கு நாலு மணிக்குள் தெரிந்துவிடும் சார். மேனேஜர் பிலிப் சார் மாடியில் கம்பெனி வக்கீலோடு உட்கார்ந்திருக்கிறார். என் விஷயம்தான் பேச்சு. மைக் திரும்பக் கிடைக்குமா, இல்லை இந்தக் காதோடேயே கிடக்க வேண்டியதா என்று. இடுப்பில் வாக்கிடாக்கியை இதற்காகத்தான் சத்தமாக வைத்திருக்கிறேன். நடுவில் கரகரவென்றால் மன்னிச்சுக்குங்க.

நீங்கள் பெரிய ரைடு ஒன்றிலும் ஏறவில்லை போலிருக்கிறதே? கையில் பச்சைப் பட்டை கட்டியிருக்கிறீங்க. பச்சை என்றால் குடும்பப் பட்டை. சுழல்கிற கோப்பை, குதிரை ராட்டினம், முயல் ரயில், படகு. சிவப்பு கட்டினால்தான் எல்லாவற்றிலும் ஏறலாம். டாக்டர் வேண்டாம் என்றாரா? சரிங்க சார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முயல் ரயிலில் என்ன கஷ்டம் தெரியுமா? இங்கே யாரும் பயப்படுவதில்லை. பயமே இல்லாத ஆளிடம் மைக்கில் என்னத்தைப் பேசுவது? "குழந்தைகளே, கையை வெளியே நீட்டாதீர்கள்." அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு தரம். நாக்கு செத்துவிடும்ங்க.

இங்கே வருவதற்கு முன்னால் நான் ஜவுளிக்கடைக்குத் தள்ளுபடி சொன்னவன். மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் காணாமல் போன குழந்தைக்கு அறிவிப்புச் சொன்னவன். அழுகிற குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கூட்டமே சிரிக்கிற மாதிரி அறிவிப்பேன். "சிவப்புக் கவுன், மூக்கில் சளி, பேர் கேட்டால் மிட்டாய் என்கிறது" என்று. பெத்தவங்க ஓடி வரும்போது வெட்கப்பட்டுக்கொண்டே வருவார்கள். அடுத்த வருஷம் குழந்தையைத் தொலைக்க மாட்டார்கள் பாருங்க. பேச்சென்றால் அப்படி வேலை செய்யணும்.

இடிமுழக்கத்தில் என்ன நிலைமை என்றால், ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, மேடைக்கு வந்ததும் சிலருக்குக் கால் உதறும். அவர்கள் வெளியே போவதற்கு அந்தக் கதவு. நான் சேர்ந்தபோது நாளுக்கு அறுபது பேர், எழுபது பேர் அதில் போய்க்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு சீட்டும் நிரம்பினால்தான் ஓட்டலாம் என்பது சட்டம். ஒருத்தன் போனால் இன்னொருத்தனைக் கூப்பிட்டு, பெல்ட் மாட்டி, பார்த்து... மணிக்கு எட்டு ஓட்டம் ஓட வேண்டிய இடத்தில் ஐந்துதான் ஓடும். வெயிலில் நிற்கிற கூட்டம் கத்தும். பிலிப் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் என்ன செய்தேன்? பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் ஷாப்பில் ஒரு பால்புட்டி வாங்கினேன். ரோஸ் நிற மூடி, ரப்பர் காம்பு. கதவுக்கு மேலே ஒரு போர்டு இருக்கும். இருதயம், ரத்த அழுத்தம், கர்ப்பிணி, இன்னும் என்னென்னமோ எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்? அந்தப் போர்டு ஆணியில் புட்டியைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். பால்புட்டி வாசல் என்று பேர் வைத்தேன். "இந்த வழியாப் போறவங்க புட்டியில ஒரு வாய் குடிச்சிட்டுப் போகணும், கம்பெனி விதி" என்று மைக்கில் சொன்னேன். முதல் நாளே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் ஆளுக்குத் தகுந்த மாதிரி. புதுசாய்க் கல்யாணமான பையன் நழுவினால், "தங்கச்சி, வீட்ல கரப்பான் பூச்சி வந்தா இனி நீதான் அடிக்கோணும், சொல்லீட்டேன்" என்பேன். போலீஸ்காரர் ஒருத்தர் மப்டியில் வந்திருந்தார், மீசையைப் பார்த்தாலே தெரியும். கதவுப் பக்கம் போனார். "அய்யா, மீசையைக் கழட்டி இங்க வெச்சிட்டுப் போங்க, திரும்பி வந்து வாங்கிக்கலாம்" என்றேன். அவர் திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார் சார்! இறங்கும்போது என் கையைக் குலுக்கினார். கை ஐஸ் மாதிரி இருந்தது.

அறுபது பேர் போன கதவில் ஐந்து பேர், ஆறு பேர் என்று ஆகிவிட்டது. இரண்டு வருஷம் வரிசையாக சிறந்த ஊழியர் கேடயம். ஆண்டு விழாவில் பிலிப் சாரே அந்தப் புட்டியை மேடையில் தூக்கிக் காட்டிப் பேசினார். இப்போது கேட்டால், எங்களுக்குத் தெரியாமல் தொங்கவிட்டான் என்கிறார்கள். அன்றைக்குக் கைதட்டினவர்கள் யார்? எனக்கு இதுதான் சார் ஆறவில்லை.

நானா? நான் ஏறினதில்லைங்க. மைக்கை விட்டுவிட்டு எப்படி ஏறுவது? ஒரு தரம் ஊழியர்களை எல்லாம் உட்கார வைத்தார்கள், சோதனை ஓட்டம் என்று. பெல்ட் போடுகிற நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. போய்விட்டேன். அவ்வளவுதான்.

ரயில் வந்துவிட்டது. பாப்பா, இன்னொரு சுற்றா? உட்காரு உட்காரு. சார், டாட்டா சொல்லுங்க.

எங்கே விட்டேன்? மஞ்சள் சட்டைக்காரர். அவரிடம்தான் வரணும். பேர் திருமூர்த்தி. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவர் எனக்கு மஞ்சள் சட்டை, அவ்வளவுதான். வயது உங்களுக்குச் சமமாக இருக்கும். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டம். பெண்டாட்டி, ஒரு பொண்ணு. பொண்ணுக்குப் பதினோரு வயது, வர்ணிகா என்று பேர். அவளுக்கு இடிமுழக்கத்தில் ஏற ஆசை. அளவுக்கம்பத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், நாலு விரல் உயரம் பற்றவில்லை. அழுதிருக்கிறாள். "நீ போப்பா. நீ போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு" என்று அப்பனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அந்த ஆள் காலையிலிருந்து பச்சைப் பட்டையோடு கோப்பையிலும் குதிரையிலும் சுற்றிக்கொண்டிருந்தவர். மகளுக்காகப் போய்ச் சிவப்புப் பட்டை மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறார். தாயும் மகளும் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்கு வந்தார். மேலே பார்த்தார். போர்டைப் பார்த்தார். நேராகப் போய் இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

விடுவேனா?

"மஞ்சச் சட்டை அண்ணா! எங்கங்ணா கெளம்பீட்டீங்க? புட்டி மேல இருக்குது, எட்டலைன்னா சொல்லுங்க, எறக்கித் தரச் சொல்றேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார், இப்படி. எதற்குக் காட்டினார் என்று எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எங்கேயோ கண்ணாடிக் கூண்டுக்குள். அவர் எங்கேயோ. எனக்கு எதுவும் தெரியவில்லை.

"பாக்கெட்டுல என்னங்ணா, பால் பவுடரா? வெந்நி வேணும்னா கேன்டீன்ல கேளுங்க!"

அப்போது ஒரு சிரிப்பு வந்தது சார். கூட்டம் சிரிப்பதற்கு முன்னால், தனியாக, மணி அடித்த மாதிரி ஒரு சிரிப்பு. வேலிக்கு வெளியே பார்த்தால் அந்தப் பொண்ணு. வாயில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். அப்புறம் என் வாய் நிற்குமா?

"ஏங் கண்ணு, உங்கப்பனா? ஊட்ல உங்கம்மா ராத்திரி புட்டி கலக்கறது உனக்கா, இவருக்கா?"

அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். மேடை அதிர்ந்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். மகளுக்குக் கை காட்டினார். வந்து பதினேழாம் சீட்டில் உட்கார்ந்தார். நான் "போடுங்க ஒரு கைதட்டு" என்றேன். தட்டினார்கள். சத்தியமாக சார், அந்த நிமிஷம் அவருக்கு நான் மரியாதை வாங்கிக் கொடுத்தேன். அதை ஒருவரும் பேசுவதில்லை.

மூன்று புரட்டு. இறங்கினது. கம்பி தூக்கினதும் இருபத்துமூன்று பேர் எழுந்தார்கள். அவர் எழவில்லை. நான், "மஞ்சச் சட்டை அண்ணாவுக்கு ருசி பிடிச்சுப் போச்சு, இன்னொரு ரவுண்டு கேக்கறாரு!" என்றேன். மறுபடி சிரிப்பு. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். பெல்ட் பையன் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான், மைக்கை நிறுத்து என்று. அப்போதுதான் கவனித்தேன், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எச்சில் வடிந்து மஞ்சள் சட்டையில் நனைந்திருந்தது.

பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்தார்கள். உயிருக்குப் பழுதில்லை. ஒரு கை, ஒரு கால், பேச்சு, இது மூன்றும்தான் போயிற்று. டாக்டரே சொல்லியிருக்கிறார், இது வீட்டில் தூங்கும்போதுகூட வந்திருக்கும் என்று. வந்திருக்கும்தானே சார்? பால் அளக்கும்போது வந்திருந்தால் பால்கேனையா வேலையை விட்டுத் தூக்குவார்கள்?

அவர் பெண்டாட்டியின் தம்பி வக்கீல் குமாஸ்தா. நீளமாக ஒரு மனு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். மைக்கில் கேவலப்படுத்தி ஏற வைத்தார்கள் என்று. மறுநாளே புட்டியைக் கழற்றிவிட்டார்கள். என்னிடம் மைக்கை வாங்கிக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். அங்கே இப்போது ஒரு பொண்ணு பேசுகிறாள், பதிவு செய்த மாதிரி. "பயமாக இருப்பவர்கள் தயவுசெய்து பக்கவாட்டுக் கதவைப் பயன்படுத்தவும்." கேட்கிறவனுக்குக் கொட்டாவி வராதா? மறுபடி நாளுக்கு அறுபது பேர் வெளியே போகிறார்கள் சார். அறுபது பேர்! நெஞ்சு எரிகிறது எனக்கு.

பிலிப் சாரிடம் போய் நின்றேன். அவருக்கும் நான் வேணும், வெளியே சொல்ல முடியவில்லை. "சென்னியப்பா, அவரா இஷ்டப்பட்டு ஏறினார்னு அந்த வீட்டாள் கையால ஒரு வரி கிடைச்சா வக்கீல்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

அன்றைக்கு யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், என் குரலுக்காகத்தான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அந்த முதல் சிரிப்பு தனியாக விழுகிறது. அவர் கையை எடுப்பது அதற்கப்புறம்தான். அப்போது முடிவு பண்ணினேன், உடுமலைக்குப் போவதென்று.

வெறுங்கையோடு போகவில்லைங்க. ஊழியர் பங்கில் வருஷத்துக்கு இரண்டு இலவசச் சீட்டு எனக்கு உண்டு. சிவப்புப் பட்டை, எல்லா ரைடும். அதையும், ஒரு கிலோ ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. முன்னறையிலேயே கட்டில். அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பொண்ணு பள்ளிக்கூட உடுப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, பாலாடையில் கஞ்சி எடுத்து அப்பன் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்குப் புகட்டுவோமே, அந்தப் பாலாடை. ஒரு வாய் உள்ளே போனால் அரை வாய் வெளியே வருகிறது. துடைக்கிறாள், மறுபடி சாய்க்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி வந்ததுங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. விழுங்கிவிட்டேன். அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

பெண்டாட்டிக்காரி பேர் சுகந்தி. "யாருங்க?" என்றாள். குரல் கொடுத்ததுமே தெரிந்துகொண்டாள்.

"மைக்குக்காரரா? உக்காருங்க."

திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கேட்டாள். கேட்டுவிட்டு, "அன்னிக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

"எதைங்க?"

"மைக்குல சொன்னீங்களே, அதை. நானும் அங்கதான் நின்னேன். கூட்டத்துச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கலை. இப்ப இவரு முன்னால சொல்லுங்க."

வீட்டில் மைக் இல்லை, கூட்டம் இல்லை. இருந்தாலும் கேட்கிறார்களே என்று சொன்னேன். சும்மா ஒப்பிக்க எனக்கு வராது சார், செய்தால் ஒழுங்காகச் செய்யணும். மஞ்சச் சட்டை அண்ணா என்று அதே இழுப்போடு ஆரம்பித்தேன். பால் பவுடர், வெந்நீர், அந்த மாத்திரை அட்டை வெயிலில் பளபளவென்று மின்னினபோது நான் கையைக் காட்டிச் சொன்னேனே, அதே மாதிரி கையைக் காட்டி... ராத்திரி புட்டி கலக்குகிறது வரைக்கும் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தார் சார்! வாயின் ஒரு பக்கம் மேலே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வந்தது. "பாருங்க, அண்ணன் தப்பா எடுத்துக்கலை" என்றேன்.

அப்போது அந்தப் பொண்ணு பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல சிரிச்சது நாந்தான்" என்றாள்.

"வர்ணிகா, உள்ள போடி" என்றாள் சுகந்தி.

"நாந்தாம்மா சிரிச்சேன். வீடியோல இருக்குது. கிளாசுல எல்லாரும் சொல்றாங்க."

"உள்ள போடின்னேன்ல!"

அவள் உள்ளே போனாள். சுகந்தி எழுந்து வாசல் கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். "இந்த வழியாப் போங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆப்பிளையும் சீட்டையும் டிவி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் இல்லைங்க. கஷ்டத்தில் இருக்கிறவர்கள்.

ஊர் எல்லையில் ஒரு பஸ் நிறுத்தம், தகரக் கூரை. உட்கார்ந்திருந்தேன். அரை மணி இருக்கும், அந்தப் பொண்ணு ஓடி வந்தாள். கையில் என் இரண்டு சீட்டும் ஆப்பிள் பையும். "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாள். மூச்சு வாங்கியது. முதுகில் புத்தகப் பை.

"ஏங் கண்ணு, அங்க சொன்னியே, அதை எழுதித் தருவியா?"

"எழுதுனா என்ன ஆகும்?"

"உண்மையைச் சொன்னதா ஆகும்."

பையை மடியில் வைத்து, கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். இதோ பாருங்க, அதன் நகல்தான் இது. அசல் மாடியில் இருக்கிறது. எவ்வளவு அழகான கையெழுத்து பாருங்க. நானே படிக்கிறேன். "எங்கள் அப்பா வெளியே வரப் பார்த்தார். நான் சிரித்தேன். அதனால் அப்பா திரும்பிப் போய் உட்கார்ந்தார். மைக் மாமா மேல் தப்பு இல்லை. என் மேல்தான் தப்பு. இப்படிக்கு, தி. வர்ணிகா, ஆறாம் வகுப்பு ஆ பிரிவு."

என் மேல்தான் தப்பு என்ற வரி நான் சொல்லிக் கொடுத்ததில்லைங்க. அதுவரைக்கும்தான் நான் சொன்னது. அது அவளாகவே போட்டது. பதினோரு வயதில் எவ்வளவு பொறுப்பு பாருங்க. என் மகன் இருக்கிறானே, திருப்பூரில், இருபத்தாறு வயது. ஒரு தப்பை இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. சின்ன வயதில் அவன் படுக்கையை நனைத்ததைக் கோயில் மைக்கில் ஒரு தரம் தமாஷாகச் சொன்னேன் என்று, இன்றைக்கும் என் போனை எடுப்பதில்லை.

தாளைக் கொடுத்துவிட்டு அவள் போகவில்லை. நின்றாள்.

"மாமா, நான் சிரிக்காம இருந்திருந்தா அப்பா வெளிய வந்திருப்பாருங்களா?"

எனக்குப் பொய் சொல்ல வராது சார். குழந்தையிடம் சொல்லவே கூடாது.

"வந்திருப்பார் கண்ணு" என்றேன். "தாழ்ப்பாள்லதான் கை இருந்துச்சு."

தலையாட்டினாள். அழவில்லை, ஒன்றுமில்லை. நல்ல தைரியம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றாள். ஆப்பிள் பையை மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்தாள். சரி, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொறுங்க, பொறுங்க சார். கூப்பிடுகிறார்கள்.

"சார், சென்னியப்பன் பேசறேன்... ஆமாங்க சார்... வக்கீல் சார் பார்த்துட்டாருங்களா?... குடும்பத்தார் கையெழுத்துன்னு எடுத்துக்கலாம்னுட்டாரா!... இல்லைங்க, நான் வற்புறுத்தலைங்க... இப்பவேங்களா? நாலரை ஓட்டத்துக்கா?... புட்டியா? இருக்குதுங்க சார், என் பையிலதான் இருக்குது... சரிங்க சார். சரிங்க சார்."

கேட்டீங்களா சார்? கேட்டீங்கதானே! மைக் வந்துவிட்டது. நாலரை ஓட்டத்திலிருந்து. வீடியோ பார்த்துவிட்டு, அந்த மைக்குக்காரர் எங்கே, புட்டி எங்கே என்று நாளும் நாலு பேர் கேட்கிறார்களாம். இந்தாங்க, இந்தக் காதைக் கொஞ்சம் பிடிங்க. அப்பாடா. தலைக்குக் காற்று படுகிறது. மூன்று மாதம் சார்!

ரயிலும் வந்துவிட்டது. இறங்கு கண்ணு, பார்த்து. இனி முயல் ரயிலுக்கு வேறு மாமா வருவார். உன் பேர் என்ன? யாழினியா? யாழினிக்கு எது பிடிக்கும், இந்தக் குட்டி ரயிலா, அதோ அந்தப் பெரிய மஞ்சள் கையா? பெரியதுதானே! சமர்த்து. உன்னை விடமாட்டார்கள், இன்னும் வளரணும். அப்பா போகலாம். உங்கப்பா ஏன் போகவில்லை? கேளு. நீயே கேளு.

சார், சும்மா தமாஷ். வாங்க, என்னோடு வரிசை இல்லாமல் கூட்டிக்கொண்டு போகிறேன். சிவப்புப் பட்டை என்னிடமே இரண்டு இருக்கிறது, அந்த வீட்டில் திருப்பிக் கொடுத்தார்களே, அதுதான். என் முதல் ஓட்டத்தில் என் சிநேகிதர் ஒருத்தர் உட்கார வேண்டாமா? என்ன சார் யோசனை? யாழினி, உங்கப்பா முகத்தைப் பாரேன். சின்ன வயதில் உனக்கு வாங்கின பால்புட்டி வீட்டில் இன்னும் இருக்கிறதா? இல்லையா? கவலைப்படாதே, மாமாவிடம் ஒன்று இருக்கிறது. இதோ!

பாருங்க சார், பாப்பா சிரிக்கிறது.

அட, எழுந்துவிட்டீர்களே! அப்படித்தான். பாப்பா இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும், எங்கேயும் போக மாட்டாள். கையை நீட்டுங்க, பச்சையைக் கழற்றிவிட்டு இதைக் கட்டுகிறேன். அப்புறம் சார், அந்தச் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறதை எடுத்துப் பாப்பாவிடமே கொடுத்துவிடுங்க. தலைகீழாகத் திரும்பும்போது பாக்கெட்டில் எதுவும் இருக்கக்கூடாது. கம்பெனி விதி.